தீவில் குடும்பத்துடன் தங்க இடம் தேர்வது: முதலில் கரையா, விடுதியா?

தூரவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை இறுதியில் ஏறத்தாழ பத்து நாட்கள் ஒரு வெப்பமண்டலத் தீவில் தங்கிவரக் குடும்பமாகத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் என் மனைவியும், பதினொரு வயது மகளும், நான்கு வயது மகனும், எழுபதைக் கடந்த என் பெற்றோரும் என மொத்தம் ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படியேறுவது கடினம். அப்பாவுக்கு மாலையில் கடலோரம் நெடுந்தூரம் நடந்தால்தான் அந்த நாள் நிறைவடையும். மகளுக்குக் கடலுக்குள் மீன்களைப் பார்க்க வேண்டும். மகனோ தண்ணீரைக் கண்டால் ஓடிவிடுவான், நீந்தத் தெரியாது.

மழை குறைந்த காலம் என்ற அளவில் மொரிசியஸ், பாலி, சான்சிபார் ஆகிய மூன்றும் ஜூலைக்குப் பொருந்துகின்றன என்று கண்டு, தேர்வை அவற்றோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் ஓர் அடியும் நகர முடியவில்லை. முன்பதிவுத் தளங்களில் எந்த விடுதியைத் திறந்தாலும் அதே நீலக் கடல், அதே சாய்ந்த தென்னை, அதே ஊஞ்சல். எதை வைத்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது? கடலை ஒட்டிய பெரிய விடுதியா, தனி வீடா? ஒரே இடத்தில் தங்குவதா, இரண்டாகப் பிரிப்பதா? குழந்தைகளோடும் பெரியவர்களோடும் சென்று வந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வரைபடப்பித்தன்

விடுதிகளின் பட்டியலைச் சில நாட்கள் மூடி வைத்துவிட்டு வரைபடத்தைத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தீவு என்பது ஒரே இடமன்று. ஒரே நாளில் ஒரு கரையில் கடல் கண்ணாடிபோல் கிடக்க, மறு கரையில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். நீங்கள் செல்லும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, கரைக்கு முன்னால் பவளத்திட்டு இருக்கிறதா, கடல் ஒரு நாளில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் விடுதிகளில் பெரும்பகுதி தாமாகவே கழிந்துவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று தீவுகளும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவை. ஜூலையில் மூன்றிலும் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்தே வருகிறது. பள்ளிப் புவியியலில் படித்த 'காற்று மோதும் பக்கம்', 'காற்று மறைவுப் பக்கம்' என்பவை தேர்வுக்கு மட்டும் உரியவை என்று நினைத்திருப்போம். விடுதி தேடும்போதுதான் அவற்றின் அருமை தெரியும்.

மொரிசியஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கு வணிகக் காற்று வலுவாக வீசும். பெல் மார் போன்ற கிழக்குக் கரையின் மணல் மிக அழகானது. புகைப்படங்களில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஜூலையில் அங்கே நான்கு வயதுக் குழந்தை ஈர உடலோடு நின்றால் நடுங்கும். மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக், வடமேற்கே துரூ ஓ பீஷ், மோன் சுவாசி ஆகிய கரைகள் காற்று மறைவில் இருப்பதால் அமைதியானவை. தென்மேற்கு முனையில் உள்ள லெ மோர்ன் மட்டும் இதற்கு விலக்கு. மேற்குப் பக்கம் என்றாலும் காற்று அந்த முனையைச் சுற்றி வந்து வீசும். காற்றாடிச் சறுக்கு விளையாடுவோர் அங்கே கூடுவது அதனால்தான். தீவைச் சுற்றி ஏறக்குறைய முழுவதும் பவளத்திட்டு உண்டு. தெற்கே கிரி கிரி பகுதியில் மட்டும் அது இல்லாததால் பேரலைகள் நேராகப் பாறையில் மோதும். அது பார்க்க வேண்டிய இடமே அன்றி, குளிக்கத் தக்க இடமன்று.

பாலியின் வரைபடத்தைத் தென்மேற்கு, தென்கிழக்கு என இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கூட்டா, லெகியான், செமின்யாக், சாங்கூ ஆகியவை தென்மேற்குக் கரையில் உள்ளவை. இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து வரும் நீள அலைகளை நேரே வாங்குபவை. மழையில்லாத மாதங்களில்தான் அந்த அலைகள் பெரிதாக இருக்கும். அலைச்சறுக்கு விளையாடுவோருக்கு விருந்து. நீந்தத் தெரியாத சிறுவனுக்கு ஆபத்து. கரையிலிருந்து உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டமும் அங்கே உண்டு. சானூர், நூசா துவா ஆகிய கிழக்கு நோக்கிய கரைகளில் பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் உள்ளே நீர் தணிந்திருக்கும். காற்று சற்று இருக்கும், ஆனால் பாலி மொரிசியஸைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமானது. அங்கே காற்று குளிராது.

சான்சிபாரில் காற்றைவிடக் கடலின் ஏற்ற இறக்கம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பாஜே, ஜாம்பியானி முதலிய கிழக்குக் கரைகளில் நீர் வற்றும்போது கடல் வெகுதொலைவு பின்வாங்கிவிடும். 'கடலை ஒட்டிய விடுதி' என்று பதிவு செய்தவர், நாளின் ஒரு பகுதியில் கடலைத் தேடி நடக்க வேண்டியிருக்கும். வடமுனையில் உள்ள நுங்வி, கெண்ட்வா கரைகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு, எந்நேரமும் இறங்கலாம்.

ஓயாப்பயணி

வரைபடப்பித்தன் சொல்வதில் தவறில்லை. ஆனால் குடும்பங்களை நெடுங்காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். சிறு குழந்தைகள் கடலில் அரைமணி நேரமும் நீச்சல் குளத்தில் ஆறு மணி நேரமும் இருப்பவர்கள். உப்புநீர் கண்ணில் பட்டதும் அழுவார்கள். எனவே கடலின் குணத்தை ஆராய்வதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது விடுதியின் குளத்தை ஆராய்வதில் செலவிடலாம். ஆழமற்ற தனிக் குளம் இருக்கிறதா, அதன் மேல் நிழல் விழுகிறதா, பகல் உணவு கிடைக்குமிடம் குளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பவை நாள்தோறும் தேவைப்படும் செய்திகள்.

மேலும், விமான நிலையத்திலிருந்து உள்ள தூரத்தை யாரும் பேசுவதில்லை. இரவு விமானத்தில் களைத்து வந்த குழந்தையையும் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் காரில் நெடுநேரம் உட்கார வைப்பது நல்ல தொடக்கமாகாது. மொரிசியஸில் விமான நிலையம் தென்கிழக்கில் இருக்கிறது. வடக்குக் கரைக்குச் செல்லத் தீவை ஏறக்குறைய முழுவதும் கடக்க வேண்டும். தீவே சுமார் 65 கிலோமீட்டர் நீளம் என்பதால் அது தாங்கக்கூடியதுதான். பாலியில் தூரம் குறைவாகத் தோன்றினாலும் தெற்குப் பகுதியின் நெரிசல் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிடும்.

இருபிள்ளைத்தாய்

ஓயாப்பயணி குளத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தனிக் குளத்துடன் கூடிய வீடு என்பது ஆறு பேருக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும். பாலியில் அத்தகைய வீடுகள் ஏராளம். அவற்றில் பலவற்றின் கூடம் சுவரே இல்லாமல் நேராகக் குளத்தின் விளிம்பில் திறந்திருக்கும். படத்தில் அதுதான் அழகு. தண்ணீரைக் கண்டால் ஓடும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த அழகு ஒரு நிமிடமும் கண்ணயர விடாது. சிறு குழந்தைகள் நீரில் மூழ்குவது பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது. 'கத்துவான், கேட்கும்' என்று நம்பியிருக்க முடியாது. தனி வீடுதான் வேண்டுமென்றால் குளத்தைச் சுற்றிக் கழற்றி மாட்டக்கூடிய வேலி அமைத்துத் தருவார்களா என்று பதிவுக்கு முன்பே கேளுங்கள். பாலியில் அத்தகைய வேலிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அதற்கு மறுமொழி மழுப்பலாக வந்தால் அந்த வீட்டைக் கைவிடுங்கள்.

விடுதி என்றால், 'அடுத்தடுத்த அறைகள்' என்பதும் 'உட்கதவால் இணைந்த அறைகள்' என்பதும் வேறு. பதிவு செய்யும்போது 'முயல்கிறோம்' என்று எழுதுவார்கள். முயற்சி என்பது உறுதிமொழியன்று. ஒரு முறை எங்களுக்கு அவ்வாறு எழுதிய விடுதி வேறுவேறு கட்டடங்களில் அறை தந்தது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு வெயிலில் நடந்ததுதான் அந்த விடுமுறையின் உடற்பயிற்சி.

நெய்தல்நிலா

சான்சிபாரின் கிழக்குக் கரையை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டதில் எனக்கு வருத்தம். நீர் வற்றிய அந்த வெளிதான் அங்கே காணத்தக்கது. கடற்பாசி வளர்க்கும் பெண்கள் அந்நேரத்தில்தான் வேலைக்கு இறங்குவார்கள்; தேங்கிய சிறு குட்டைகளில் நட்சத்திர மீனும் நண்டும் கிடக்கும். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. கணுக்கால் அளவு நீரில் நான்கு வயதுப் பையன் ஓடினாலும் பயமில்லை. பாறையும் கடல் முள்ளெலிகளும் இருப்பதால் தடித்த அடியுள்ள நீர்க்காலணி மட்டும் எல்லோருக்கும் கட்டாயம்.

வரைபடப்பித்தன்

நியாயமான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். நீச்சலுக்கு என்று நான் குறுக்கிப் பார்த்துவிட்டேன்.

இதையொட்டி ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறேன். கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும் இடங்களில், ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதாவது வந்த நாளில் நண்பகலில் நிறைந்திருந்த கடல், ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் வற்றியிருக்கும். முழுநிலவு, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகுதி. இடைப்பட்ட நாட்களில் குறைவு. ஓர் இடத்தில் முழுநிலவை ஒட்டிய பெரிய இறக்கம் பெரும்பாலும் நாளின் ஒரே பொழுதில்தான் நிகழும். எனவே பயணத் தேதிகளில் கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையை இணையத்தில் எடுத்து, காலையிலும் மாலையிலும் உங்கள் குடும்பம் கடலில் இறங்க விரும்பும் நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். சான்சிபாருக்கு இது இன்றியமையாதது. சானூருக்கும் தேவை, ஏனெனில் அங்கும் நீர் வற்றும்போது திட்டுக்கு உள்ளே நீந்துமளவு ஆழம் இராது. மொரிசியஸில் ஏற்ற இறக்கம் அரை மீட்டரைச் சுற்றித்தான் என்பதால் அட்டவணையைப் பார்க்காமலே போகலாம்.

தூரவழி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான மறுமொழிகளை எதிர்பார்க்கவில்லை. நெய்தல்நிலாவின் விவரிப்பைப் படித்துவிட்டு மகள் சான்சிபார் பக்கம் சாய்ந்துவிட்டாள். ஓத அட்டவணையை எடுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். மனைவியோ பாலியில் நான்கு நாள் கடலோரமும் நான்கு நாள் தீவின் உட்பகுதியில் உள்ள உபூதில் வயல்களுக்கு நடுவிலும் தங்கலாம் என்கிறாள். ஒரே பயணத்தில் இரண்டு இடங்களில் தங்குவது பெரியவர்களுக்கு ஒத்துவருமா? குறிப்பாக அம்மாவை நினைத்துத்தான் தயங்குகிறேன்.

ஓயாப்பயணி

இடம் மாறும் நாளைப் பயண நாளாகவே கணக்கிடுங்கள். பெட்டி கட்டுதல், நண்பகலுக்கு முன் அறையைக் காலி செய்தல், சாலை, புதிய விடுதியில் அறை தயாராகும் வரை வரவேற்பறையில் காத்திருத்தல் என்று பகல் முழுவதும் கரைந்துவிடும். இளையவர்கள் அதை உணர்வதில்லை. பெரியவர்களுக்கு அடுத்த நாளும் அலுப்பு நீடிக்கும். ஆயினும் பாலியில் நான் இரண்டாகப் பிரிப்பதையே பரிந்துரைப்பேன். உபூதிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து உபூதுக்கும் நாள்தோறும் போய்வரும் திட்டம் காருக்குள்ளேயே விடுமுறையைக் கழிக்க வைக்கும். முதலில் உபூது, பிறகு கடல் என்ற வரிசைதான் நல்லது. சுற்றிப் பார்ப்பதை உற்சாகம் உள்ளபோதே முடித்துவிட்டு, கடைசி நாட்களில் விமான நிலையத்துக்கு அருகே உள்ள சானூரிலோ நூசா துவாவிலோ ஓய்வெடுக்கலாம்.

மொரிசியஸில் பிரிக்கத் தேவையே இல்லை. எந்தக் கரையிலிருந்தும் எந்த மூலைக்கும் பகலில் சென்று திரும்பலாம்.

மருந்துப்பெட்டி

என் தொழிலின் பக்கத்திலிருந்து சில செய்திகள். கடலைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் இவ்வளவு பேசியவர்கள் படிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. எழுபதைக் கடந்த முழங்காலுக்கு அதுதான் முதல் கேள்வி. உபூதின் பெயர்பெற்ற விடுதிகளில் பல ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் கட்டப்பட்டவை. அறையிலிருந்து சிற்றுண்டிக்குச் செல்லவே நீண்ட கற்படிகள் ஏறி இறங்க வேண்டும். பாலியின் தெற்கு முனையில் உலுவாட்டு பகுதியில் பாறை விளிம்பில் உள்ள விடுதிகளிலும் கரைக்கு இறங்குவது அத்தகையதே. சில இடங்களில் சிறு மின்வண்டி வைத்திருப்பார்கள். அது அழைத்தவுடன் வருமா என்பதை அண்மையில் தங்கியவர்களின் மதிப்புரைகளில்தான் அறிய முடியும். குளியலறையும் முக்கியம். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்துக் குளிக்கும் அமைப்பைவிடத் தரையோடு சமமான குளியலிடமும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அம்மாவுக்குப் பாதுகாப்பு.

டெங்கு வெப்பமண்டலத் தீவுகளில் பரவலாக உள்ள நோய். அதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. எனவே இரவில் கொசுவலை இருக்கிறது என்பதோடு நிம்மதி அடைய வேண்டாம். சன்னலுக்குக் கம்பிவலை உண்டா, கூடம் மூடக்கூடியதா, அறைக்கு வெளியே அலங்காரத் தொட்டிகளில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள். சான்சிபாரில் மலேரியா மிகவும் குறைக்கப்பட்டுவிட்டாலும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. குழந்தையும் முதியவர்களும் செல்வதால் தடுப்பு மருந்து பற்றி உங்கள் மருத்துவரிடம் சில வாரங்களுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருந்துவருகிறது. உபூதின் குரங்குக் காட்டுக்கு அருகே விடுதி எடுத்தால் குரங்குகள் மாடத்துக்கே வரும். கைக்கு எட்டியதைத் தொடும் வயதுப் பையனுக்கு அது ஏற்ற அண்டைவீடன்று. கடியோ கீறலோ ஏற்பட்டால் உடனே சோப்பு நீரால் நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதனால்தான் விடுதியைக் குறிக்கும்போதே அருகிலுள்ள நல்ல மருத்துவமனையையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அப்பாவுக்கு இதய நோய் போன்று ஏதேனும் இருந்தால் இந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளும்.

இருபிள்ளைத்தாய்

மருந்துப்பெட்டி சொன்னது மிகவும் தேவையானது. அதோடு, விடுதியின் விளம்பரச் சொற்களை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கடல் நோக்கிய அறை' என்றால் மாடத்தின் மூலையில் நின்று எட்டிப் பார்த்தாலும் கணக்கில் வரும். 'கடற்கரைக்கு நடந்தே செல்லலாம்' என்பதில் குறுக்கே உள்ள நெடுஞ்சாலையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் விடுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் சாலை, கடலரிப்பைத் தடுக்கக் கட்டிய கற்சுவர், படகுத்துறை, பக்கத்தில் எழும்பும் கட்டடம் எல்லாம் தெரிந்துவிடும்; படம் பழையதாக இருக்கலாம் என்பதை மட்டும் மறவாதீர்கள். மதிப்புரைகளை மதிப்பெண் வரிசையில் படிக்காமல், முந்தைய ஆண்டுகளின் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தங்கியவர்கள் எழுதியவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் படியுங்கள். ஜனவரியில் ஒருவர் புகழ்ந்த கரை ஜூலையில் உங்களுக்குக் கிடைக்காது.

பிறகு விடுதிக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பிச் சில கேள்விகளைக் கேளுங்கள். தரைத்தள அறைகள் இரண்டு உட்கதவுடன் உறுதியாகக் கிடைக்குமா? அறையிலிருந்து உணவிடத்துக்கு எத்தனை படிகள்? குழந்தைகளுக்கான விளையாட்டு அறையில் எந்த வயதிலிருந்து பெற்றோர் உடனிருக்காமல் விடலாம்? பல இடங்களில் நான்கு வயதிலிருந்துதான் அனுமதி. நீங்கள் தங்கும் நாட்களில் கட்டுமானப் பணி எதுவும் திட்டமிடப்பட்டிருக்கிறதா? விடைகள் எவ்வளவு தெளிவாக வருகின்றன என்பதிலேயே அந்த இடத்தின் நிர்வாகம் விளங்கிவிடும். கட்டணத்தைத் திரும்பப் பெறக்கூடிய பதிவு சற்று அதிகமாக இருந்தாலும், ஆறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே திட்டம் மாறும் என்பதால் அதையே நான் எடுப்பேன்.

தூரவழி

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். இதுவரை நாங்கள் செய்துவந்தது என்னவென்றால், வெளியே சுற்றப்போகும் எங்கள் இருவரின் விருப்பத்தை வைத்து இடத்தைத் தேடியதுதான். விடுதியிலேயே நாளின் பெரும்பகுதியைக் கழிக்கப்போகிறவர்கள் அம்மாவும் மகனும். அவர்கள் இருவருக்கும் ஒத்துவரும் இடத்தை முதலில் உறுதி செய்துவிட்டு, மற்ற நால்வரும் அங்கிருந்து போய்வருவது என்று தீர்மானித்திருக்கிறோம். படியில்லாத தரை, தணிந்த கடல், இடம் மாறாத இருப்பு என்று பார்த்ததில் மொரிசியஸின் காற்று மறைவுக் கரை முன்னுக்கு வந்துவிட்டது. மகளிடம், நீர் வற்றும் கரையை அவள் இன்னும் சற்று வளர்ந்த பின் காணலாம் என்று பேசி முடித்தோம். ஒப்புக்கொண்டாள், முழு மனத்தோடு என்று சொல்ல மாட்டேன்.

ஃபிளிக் ஆன் ஃபிளாக், துரூ ஓ பீஷ் இரண்டில் எது? இரண்டிலும் தரைத்தள அறையுள்ள விடுதிகளைக் கண்டிருக்கிறோம்.

வரைபடப்பித்தன்

உங்கள் குடும்பத்துக்குத் துரூ ஓ பீஷ். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கரையும் நீளமானது, சவுக்கு மர நிழல் உண்டு. ஆனால் நீருக்குள் கால் வைக்குமிடத்தில் பல பகுதிகளில் உடைந்த பவளத் துண்டுகள் கிடக்கும். துரூ ஓ பீஷில் மணல் மென்மையானது, ஆழம் மெதுவாகவே கூடும். அப்பா வடக்கு நோக்கி நடந்தால் மோன் சுவாசியின் நீண்ட வளைகரை இருக்கிறது. மொரிசியஸில் கடற்கரை பொதுவுடைமை என்பதால் பிற விடுதிகளின் முன்னாலும் தடையின்றி நடக்கலாம். ஜூலை அங்கே குளிர்காலம் என்பதால் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும்; அவரது நடையைச் சற்று முன்னதாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

மகளுக்கும் ஈடு செய்யலாம். தென்கிழக்கில் புளூ பே கடற்பூங்கா இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2008 முதல் உள்ள பவளப் பகுதி. காற்று தணிந்த ஒரு நாளைத் தேர்ந்து அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி அடித்தளப் படகுகள் அங்கே உண்டு என்பதால் அம்மாவும் முழங்காலை வருத்தாமல் அதே மீன்களைப் பார்க்கலாம்.

இன்னொன்று: மொரிசியஸ் ஏறத்தாழ 20 பாகைத் தென் அகலாங்கில் இருப்பதால் ஜூலையில் கடலும் குளமும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். எனவே விடுதிக்கு அனுப்பும் கேள்விகளோடு, குளத்து நீரைச் சூடேற்றுகிறார்களா, அப்படியானால் சிறுவர் குளத்துக்கும் அது உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

தூரவழி

கேட்டு எழுதிவிட்டேன். இரண்டு விடுதிகளில் ஒன்று பெரியவர் குளத்தை மட்டுமே சூடேற்றுகிறது. மற்றொன்று இரண்டையும் சூடேற்றுகிறது, ஆனால் உட்கதவுள்ள தரைத்தள அறைகளை உறுதி செய்ய மூன்று நாள் அவகாசம் கேட்டிருக்கிறது. அதுவரை முதல் விடுதியில் கட்டணம் திரும்பப் பெறக்கூடிய பதிவைப் போட்டு வைத்திருக்கிறோம்.